மார்ஷல் திட்டப் பணம் எப்படித் தங்கியது?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். 1993-க்கு முன்பு அது தென்னார்க்காடு. நெய்வேலியும் அப்போது அதே மாவட்டம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வெளிநாட்டு உதவி பற்றிப் பேச நமக்கு நெய்வேலியே போதும்.

முதலில் ஐரோப்பா. 1947 ஜூனில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் உதவித் திட்டத்தை அறிவித்தார். என்ன தேவை என்பதை ஐரோப்பிய நாடுகளே சேர்ந்து எழுதித் தரட்டும் என்றார். 1948 முதல் 1952 வரை சுமார் 1,300 கோடி டாலர் போனது, பெரும்பகுதி மானியம். ஆனால் நோட்டுக்கட்டாக அல்ல: கோதுமை, நிலக்கரி, பருத்தி, இயந்திரம். பருத்தி வாங்கிய ஆலைக்காரர் தன் நாட்டுப் பணத்தில் விலை கொடுத்தார். அது அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. சிறு பங்கு போக மீதி அந்தந்த நாட்டுத் தனிக்கணக்கில் சேர்ந்தது. மேற்கு ஜெர்மனி அதைத் தொழில்களுக்குக் கடனாகக் கொடுத்து, வசூலித்து, மறுபடி கொடுத்தது. நம் மகளிர் குழுக்களுக்குத் தெரிந்த சுழல்நிதிதான் இது. இதற்கென 1948-இல் தொடங்கிய கேஎஃப்டபிள்யூ வங்கி பின்னர் தமிழ்நாட்டின் மின்தொடரமைப்புக்கும் கடன் தந்திருக்கிறது.

சோவியத் யூனியன் மார்ஷல் திட்டத்தை மறுத்துவிட்டது. திட்டத்தை ஏற்ற தரப்பும் மறுத்த தரப்பும் சந்தித்த இடம் நெய்வேலி. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மண்ணை வெட்டியவை மேற்கு ஜெர்மனியின் ராட்சத இயந்திரங்கள். அனல்மின் நிலையம் சோவியத் கடனில் எழுந்து, 1962-இல் மின்சாரம் தந்தது. சோவியத் கடனை ரூபாயிலேயே அடைக்க முடிந்தது. டாலருக்கு அலைந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அமெரிக்கா நமக்குத் தந்தது பிஎல்-480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்படி கோதுமை. அதற்கும் ரூபாயில்தான் விலை; ஆனால் சேர்ந்த ரூபாய் அமெரிக்காவின் சொத்து. அதில் சுமார் 1,664 கோடியை 1974-இல் அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. ஐரோப்பாவுக்குக் கிடைத்த சலுகை நமக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது.

நெய்வேலி மின்சாரம் பாயத் தொடங்கியபோது இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்தது. அரசின் கீழ் வந்தது 1976-இல். 2024-இல் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஐரோப்பிய நாடுகள் எழுதியதுபோல, இனியாவது தேவைப் பட்டியலை அந்த மலையின் வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் இருப்பவர்கள் எழுத வேண்டும். வன நிலத்தில் சாலை, பள்ளி, மருத்துவமனை அமைக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே தந்திருக்கிறது.