நித்திரைக் குளிசை: எடுப்பதும் விடுவதும்

சென்ற நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில் உம்மா விழுந்தா. தஹஜ்ஜுத்துக்கு வுழூச் செய்ய எழும்பி, குசினியைத் தாண்டிப் போகையில் கால் தடுமாறிவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதற் கேள்விகளில் ஒன்று, "ராவைக்கு உம்மா என்ன குளிசை போடுற?" என்பதுதான். தங்கச்சி வீட்டுக்குப் போய் உம்மாவின் தலையணைக்கு அடியிலிருந்த சின்னத் தாள் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். டயஸிபாம், 5 மில்லிகிராம்.

"எவ்வளவு காலமாப் போடுற உம்மா?"

"அது பழைய குளிசை மகன். வாப்பா மௌத்தான நேரம் நித்திரைக்குத் தந்தது."

வாப்பா மௌத்தாகி அப்போது பதினொரு வருடம். இரண்டு வாரத்துக்கென்று எழுதிய துண்டு, பதினொரு வருடம் ஓடியிருக்கிறது. துண்டு கிழிந்த பிறகு காலிக் குளிசைக் கவரைக் காட்டியே வாங்கியிருக்கிறா. கொடுத்தவர்களும் கேட்கவில்லை, வீட்டிலிருந்த நாங்களும் கேட்கவில்லை. உம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குளிசை என்ன, எப்போது விட வேண்டும் என்று யாரும் அவவுக்குச் சொல்லித் தரவில்லை.

இதை நண்பர்களிடம் சொன்னபோது, "எங்கட வீட்டிலயும் இரிக்கி" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எது நோய், எது நோயல்ல

கலியாணத்துக்கு முதல் நாள், பரீட்சைக் காலம், மௌத்து வீடு - இப்படியான நாட்களில் நித்திரை வராமற் போவது இயல்பு. சில நாட்களில் அது தானாகச் சரியாகும். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேலாக, படுக்க நேரமும் இடமும் இருந்தும் நித்திரை வராமலோ இடையில் கலைந்தோ போய், அதனால் பகலில் களைப்பும் எரிச்சலும் மறதியும் வந்தால்தான் அதை நாட்பட்ட நித்திரையின்மை என்கிறார்கள். வயது போகப் போக நித்திரை இலேசாகும், இடையிடையே முழிப்பும் வரும். ஆறு மணித்தியாலம் உறங்கிவிட்டுப் பகலில் தெம்பாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு நோய் இல்லை. எட்டு மணித்தியாலம் கட்டாயம் என்று யாரோ சொன்னதை நம்பி அவர் குளிசை தேடத் தேவையில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்ட ஊர் இது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. இரவில் கதவு தட்டப்பட்டால் இன்றும் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பயங்கரக் கனவும், சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு படபடப்பதும் சேர்ந்து நித்திரையைக் கெடுத்தால் அது மனக்காயத்தின் அடையாளம். டயஸிபாம் அந்தக் காயத்தை ஆற்றாது. அதற்குரிய பேச்சுச் சிகிச்சையும் வேறு மருந்துகளும் உண்டு.

இன்னும் சில காரணங்கள் ஒளிந்திருக்கும். சீனி வருத்தத்தில் இரவு நாலைந்து தரம் சிறுநீருக்கு எழும்புவது, உடம்பில் நீர் இறங்கத் தரும் குளிசையை மாலையில் போடுவது, தைரொயிட், முழங்கால் வலி, மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, மனச்சோர்வு ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றைத் தேடாமல் நித்திரைக் குளிசை கொடுப்பது ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது போன்றது. குறட்டைக்காரருக்கு அந்தக் குளிசை மூச்சை இன்னும் மந்தமாக்கவும் கூடும்.

குளிசை என்ன செய்கிறது

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்றொரு வேதிப்பொருள் நம் உடம்பிலேயே இருக்கிறது. டயஸிபாம், குளோனஸிபாம், அல்பிரஸோலாம் போன்றவை அந்தக் காபாவின் வேலையைக் கூட்டிக் கொடுக்கின்றன. இவற்றுக்கு முன்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பார்பிடியுரேட் மருந்துகள் இருந்தன. அளவு கொஞ்சம் கூடினாலும் உயிர் போகும். 1960இல் லிப்ரியமும் 1963இல் வேலியமும் வந்தபோது, ஆபத்தில்லாத மருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் நம்பியது. வேலியத்தின் மருந்துப் பெயர்தான் டயஸிபாம். பழையதைவிட அது பாதுகாப்பானது என்பது உண்மை. ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்பது பிறகுதான் தெளிவாக விளங்கியது.

முதல் இரவுகளில் அது நன்றாக வேலை செய்யும். அதனால்தான் கடும் துயரத்திலோ நெருக்கடியிலோ டொக்டர் சில நாட்களுக்கு, கூடினால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு, எழுதிக் கொடுக்கிறார். அதில் தவறில்லை. அதை ஈமானின் குறைவாக நினைத்து ஒளித்து வைக்கவும் தேவையில்லை. வாரங்கள் போகப் போக மூளை தன் பக்கத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். பழைய அளவுக்குப் பழைய நித்திரை வராது.

பலர் ஏமாறும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. ஒருநாள் "விட்டுப் பார்ப்பம்" என்று குளிசையை நிறுத்துவார்கள். அடுத்து வரும் இரவுகளில் முன்பு இருந்ததைவிட மோசமான விழிப்பு, நெஞ்சடிப்பு, வியர்வை எல்லாம் வரும். "பாத்தீங்களா, இது இல்லாட்டி எனக்கு நித்திரை இல்ல" என்று மறுபடி போடுவார்கள். அந்த இரவுகளின் விழிப்பில் பெரும்பங்கு குளிசை போனதால் வந்தது. பழைய நோய் அப்படியே இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சியல்ல. உம்மா பதினொரு வருடத்தில் மூன்று தரம் விட்டுப் பார்த்திருக்கிறா. மூன்று தரமும் இப்படித்தான் திரும்பினா.

டயஸிபாம் உடம்பில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 20 முதல் 50 மணித்தியாலம் எடுக்கும். அது உடைந்து உண்டாகும் பொருள் அதைவிட நீண்ட நேரம் நிற்கும். முதியவர்களுக்கு இன்னும் கூடும். அதாவது நேற்றைய குளிசை முழுக்கப் போக முன்னரே இன்றைய குளிசை மேலே விழுகிறது. விடியற்காலையில் கால் தடுமாறுவதும் பகலில் பெயர்கள் மறப்பதும் இதனால்தான் வயதின் தலையில் போடப்படுகின்றன.

ஸொல்பிடம் என்ற பிந்திய மருந்து விரைவாக வெளியேறும். ஆனாலும் அது பெண்களின் உடம்பில் காலை வரை கூடுதலாகத் தங்குகிறது என்று கண்டு, 2013இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பெண்களுக்கான அளவைப் பாதியாக்கியது. நித்திரையிலேயே எழுந்து நடப்பது, வாகனம் ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக 2019இல் கடும் எச்சரிக்கையும் சேர்த்தது.

தடிமனுக்குத் தரும் பிரிட்டோன் குளிசையை நித்திரைக்குப் போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. தூக்கம் வரும்தான். முதியவர்களுக்கு அதனால் சிறுநீர் அடைப்பும் மனக்குழப்பமும் மலச்சிக்கலும் வரலாம்.

கைமருந்துகள்

இப்னு ஸீனா தன் அல்-கானூன் நூலில் நித்திரையின்மையை 'ஸஹர்' என்ற பெயரில் தனியாகவே எழுதினார். நோன்புக்கு எழும்பும் ஸஹர் அறபியில் வேறு எழுத்து, வேறு சொல். நித்திரையின்மை புதிய காலத்து நோயல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

சூடான பால் குடிப்பதில் கெடுதியில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் 'கசகசாப் பால்' விஷயத்தில் கவனம் வேண்டும். அங்கே கசகசா என்பது அபினிச் செடியின் விதை. நம் கடைகளில் கசகசா என்று வாங்கி நோன்பு துறக்கும் சர்பத்தில் போடுவது துளசி இனத்து விதை. பெயர் ஒன்று, பொருள் வேறு. அபினிச் செடி விதை சஊதியிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்டது. அங்கே போகிறவர்கள் பெட்டியில் போட்டுவிடக் கூடாது. சாதிக்காயைக் கறிக்குப் போடும் அளவில் பயமில்லை. நித்திரைக்கென்று கரண்டிக் கணக்கில் குடித்தால் நெஞ்சடிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரும்.

ஆயத்துல் குர்ஸி ஓதி, திக்ரோடு படுப்பது மனத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவரும். அது நமக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். ஆனால் "ஓதியும் நித்திரை வருதில்ல, என்னில்தான் பிழை" என்று ஒருவர் உள்ளுக்குள் உடைந்துபோக விடக் கூடாது. ஓதலும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

குளிசை இல்லாத சிகிச்சை

2016இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, வளர்ந்தவர்களின் நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சியைத்தான். அதன் சாரம் இது:

எழும்பும் நேரத்தை நிலையாக வைக்க வேண்டும். இதில் நாம் அதிர்ஷ்டசாலிகள். ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாத சுபஹு நமக்கு இருக்கிறது. ஆனால் சுபஹைத் தொழுதுவிட்டு எட்டு மணி வரை மறுபடி படுத்தால் அந்தப் பயன் கெட்டுவிடும்.

நித்திரை வந்தால் மட்டும் படுக்க வேண்டும். இருபது நிமிடம் போல் புரண்டும் வராவிட்டால் எழும்பி வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் இருந்து, கண் சொருகும்போது திரும்பிப் படுக்க வேண்டும். பாயைப் பார்த்ததும் கவலை வரும் பழக்கத்தை உடைப்பதுதான் நோக்கம். போன் படுக்கைக்கு வரக் கூடாது.

படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். உம்மா இஷா முடிய எட்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்புவா. எட்டு மணித்தியாலம் கிடந்து ஐந்தரை மணித்தியாலம்தான் உறங்குவா. அப்படியானால் பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழும்புவது. கிடக்கும் நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு உறங்கத் தொடங்கியதும் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டுவது. ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. வலிப்பு நோயுள்ளவர்கள், மனவெழுச்சி நோயுள்ளவர்கள், ஓட்டோ, பஸ் ஓட்டுகிறவர்கள் டொக்டரைக் கேளாமல் இதைச் செய்யக் கூடாது. நோன்பு மாதத்தில் தொடங்கவும் வேண்டாம்.

தேத்தண்ணியும் கோப்பியும் பின்னேரத்தோடு நிற்கட்டும். தேத்தண்ணியிலும் இருக்கும் கஃபேன் உடம்பில் பாதியாகவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் வேண்டும். கடை பூட்டிவந்து பத்தரைக்குக் குடிக்கும் பிளேன்டியின் பாதி விடியற்காலையிலும் உடம்பில் நிற்கும். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேச்சில் இருப்பதையும் நபியவர்கள் விரும்பவில்லை என்ற ஹதீஸ் நமக்குத் தெரியும். மாலைக் குட்டித் தூக்கத்தையும் பின்னிரவு அரட்டையையும் விடச் சொல்லும் இன்றைய வைத்தியரும் அதைத்தான் சொல்கிறார்.

எப்படி விடுவது

பல மாதம் போட்ட குளிசையை ஒரே நாளில் விடக் கூடாது. வலிப்பு வரலாம், உயிராபத்தும் ஆகலாம். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு உம்மாவின் குளிசையை யாரும் இன்றிரவே குப்பையில் போட்டுவிட வேண்டாம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் அஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தி, மெல்ல மெல்லக் குறைக்கும் முறையை வகுத்தார். டொக்டரின் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு முறை 5 முதல் 10 வீதம் குறைப்பது இன்றைய பொதுவான வழி. மாதக்கணக்கு எடுக்கும். இடையில் நிற்கலாம். அவசரமில்லை.

உம்றாவுக்கோ வேலைக்கோ வளைகுடா போகிறவர்கள் இந்தக் குளிசைகளைச் சும்மா பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அங்கே அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டொக்டரின் கடிதமும் அந்த நாட்டின் அனுமதியும் முன்னரே வேண்டும்.

இதையெல்லாம் நம் மூத்தவர்களிடம் சொல்லிப் பயனுண்டா? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 65 வயதைத் தாண்டிய 303 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இந்தக் குளிசையின் தீங்கையும் குறைக்கும் வழியையும் எளிமையாகச் சொல்லும் ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 வீதத்தினர் குளிசையை முழுக்க விட்டிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் விட்டது 5 வீதம்தான். விளங்கச் சொன்னால் மூத்தவர்கள் கேட்பார்கள்.

வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்: "ராவைக்கு என்ன குளிசை போடுறீங்க? எப்ப தந்தது?" அந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். மனப்பாரம் தாங்காத இரவுகளுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

உம்மா இப்போது வோக்கர் பிடித்து நடக்கிறா. ஐந்து மில்லிகிராம் ஒரு மில்லிகிராமுக்கு வந்திருக்கிறது. இன்னும் முழுக்க விடவில்லை. சில இரவுகளில் முழித்துத்தான் இருக்கிறா. "நித்திரை கொஞ்சம் குறைவுதான் மகன்," என்றா போன வெள்ளிக்கிழமை. "ஆனா காலையில தலை தெளிவா இரிக்கி. பேரப்புள்ளைகள்ற பேர் மாறுதில்ல."