ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டின் உப்பு

ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டின் எடை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துணிக்குப் பழைய வின்ச் மெஷினில் சாயம் ஏற்ற 300 கிராமுக்கு மேல் உப்பு தேவைப்பட்டது. துணியைவிட உப்பு அதிகம்! சாயம் ஏறி, அலசி முடித்த பிறகு அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. மொத்தமும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். திருப்பூரில் பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் விழுந்தது.

ஏன் இவ்வளவு உப்பு? பருத்தி இழை தண்ணீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் தோன்றும். இன்று பருத்திக்குப் பெருமளவில் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின்னேற்றம் கொண்டவையே. அதனால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பு கரைந்ததும் சோடியம் அயனிகள் இழையைச் சூழ்ந்து அந்த விலக்கத்தை மட்டுப்படுத்துகின்றன; சாயம் இழையை நெருங்குகிறது. அடுத்து சோடா ஆஷ் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால் சாய மூலக்கூறு செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பில் இணைந்துவிடும். பல முறை துவைத்தாலும் நிறம் எளிதில் போகாததற்குக் காரணம் இந்தப் பிணைப்புதான். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் சந்தைக்குக் கொண்டுவந்த சாய வகை இது. அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு கரைக்க வேண்டும். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான் இருக்கிறது.

திருப்பூர் வெள்ளை பனியனுக்குப் பேர்போன ஊர். வெள்ளைக்குச் சலவை போதும். 1980களில் ஏற்றுமதி சூடுபிடித்தபோது வெளிநாட்டு வியாபாரிகள் வண்ணத் துணி கேட்டார்கள், சாயப்பட்டறைகள் பெருகின. பெரும்பாலானவை கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகள். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவைக் கூலியில் ஏற்றினால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். அதனால் அந்தச் செலவு டீ-ஷர்ட்டின் விலையில் சேரவே இல்லை. அது ஆற்றின் கீழ்ப்புறம் போய் விவசாயியின் கிணற்றில் சேர்ந்தது.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பகுதிகளுக்குப் பாசனம் தருவது நோக்கம். அணையில் தேங்கியதோ சாயக்கழிவு. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. உப்புநீர் பாய்ந்த வயலில் நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் அவர்கள் அஞ்சியது ஏன் என்று புரியும். களிமண் துகள்களைக் கால்சியம் கொத்துக்கொத்தாகச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கொத்துகளுக்கு இடையே நீரும் காற்றும் போகும். சோடியம் மிகும்போது அது கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. கொத்துகள் உதிர்கின்றன, இடைவெளிகள் அடைபடுகின்றன, காய்ந்தால் மேலே ஓடு கட்டுகிறது. ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது.

1990களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படிய வைத்தார்கள். நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்றன. தண்ணீர் ஓரளவு தெளிந்தது. ஆனால் கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. பார்வைக்குத் தேறிய தண்ணீர், பயிருக்கு அதே பகையாகவே இருந்தது.

உப்பைப் பிரிக்கும் வழி அப்போது புதிதல்ல. சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1960ஐ ஒட்டி, தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வை உருவாக்கினார்கள். கோலிங்கா என்ற சிற்றூரில் 1965இலேயே அதைக் கொண்டு உவர்நீரைக் குடிநீராக்கினார்கள். அந்தக் கருவி நொய்யல் கரைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒரு வட்டாரம் வளரும்போது முதலில் மாசு கூடும், வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் குறையத் தொடங்கும் என்று பொருளாதாரத்தில் ஒரு கருத்து உண்டு. 1990களில் பொருளாதார அறிஞர்கள் கிராஸ்மன், குரூகர் இருவரின் ஆய்வுகள் வழியே அது பரவியது. திருப்பூரை வைத்துப் பார்த்தால் அது அரை உண்மைதான் என்று நினைக்கிறேன். பணம் இருந்தது, கருவியும் இருந்தது. ஆனால் மாசைக் குறைய வைத்தது நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் விடாமல் நடத்திய வழக்கு.

கழிவு ஒரு சொட்டும் ஆற்றுக்கு வரக் கூடாது, அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் என்று 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிலைமை மாறாததால் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னார்கள். பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அனுமதியில்லாத பட்டறைகள் வேறு மாவட்டங்களில் முளைப்பதாகப் புகார்கள் எழுந்தன. பிறகு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர, பொது நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டு ஒவ்வொன்றாகத் திறந்தன.

இப்போது அங்கே கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் அழுத்தினால் பெரும்பகுதி நல்ல நீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் கரிப்பு நீர் எவாப்பரேட்டருக்குப் போகிறது. அங்கே முதல் கலனில் எழும் ஆவி, அழுத்தம் குறைந்த அடுத்த கலனைக் கொதிக்க வைக்கிறது. அதன் ஆவி அதற்கடுத்ததை. ஒரே வெப்பம் பல முறை வேலை செய்கிறது. சில நிலையங்களில் கரிப்பு நீரையே சுத்தம் செய்து சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். நேற்றைய டீ-ஷர்ட்டின் உப்பு இன்றைய டீ-ஷர்ட்டுக்குச் சாயம் ஏற்றுகிறது!

இதைவிட என்னை வியக்க வைப்பது பட்டறைக்குள் வந்த மாற்றம். வின்ச்சில் கிலோ துணிக்கு 20 லிட்டர் சாயநீர் என்றால் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 6 லிட்டர் போதும். லிட்டர் கணக்கில்தான் உப்பு போடுகிறார்கள் என்பதால் நம் டீ-ஷர்ட்டுக்கு 100 கிராம் உப்பே போதும். வெளியேற்றும் தண்ணீருக்கு விலை வந்த பிறகு இந்த மிச்சம் நேரடி லாபமானது.

ஆனால் சிக்கல் முழுதும் தீரவில்லை. எவாப்பரேட்டருக்கான கொதிகலனில் எரியும் விறகுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு பெரிது. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகச் சேர்கிறது. முன்பு நிலத்தடியில் இறங்கிய உப்பை மழைதான் மெல்ல மெல்லக் கரைத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். உப்பே இல்லாத சாயமேற்றும் முறையும் இருக்கிறது: பருத்திக்கு முன்கூட்டியே நேர்மின்னேற்றம் கொடுத்துவிட்டால் சாயம் தானாக ஒட்டும். ஆய்வகங்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த வழிதான். ஆனால் அதில் சாயம் எல்லா இடத்திலும் சீராகப் பிடிக்க வேண்டும், கூடுதல் ரசாயனச் செலவையும் சமாளிக்க வேண்டும். அந்தச் செலவைச் சட்டையின் விலையில் சேர்க்க வாங்குபவர்கள் சம்மதித்தால், திருப்பூரில் அதைச் செய்யக் கைகள் இருக்கின்றன.