மொட்டைமாடிக்கு மேலே ஒரு கேமரா

காபூல் வீடுகளின் சுற்றுச்சுவர் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். தெருவில் போகிறவர் கண்ணில் வீட்டுப் பெண்கள் படக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். முற்றத்தில் சமைப்பதும் துவைப்பதும், கோடை இரவில் மொட்டைமாடியில் படுப்பதும் அந்தச் சுவரை நம்பித்தான். அமெரிக்க ராணுவம் அந்த ஊரின் மேல் வெள்ளை பலூன்களை ஏற்றியபோது, சுவர் இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

ஏறத்தாழ 117 அடி நீளமுள்ள ஹீலியம் பலூன் அது. அதைத் தரையோடு பிணைத்திருக்கும் வடத்தின் வழியே மின்சாரம் மேலே போகும்; படங்கள் கீழே இறங்கும். அடியில், இரவிலும் பார்க்கக்கூடிய கேமரா. விமானம் எரிபொருள் தீர்ந்தால் இறங்கியாக வேண்டும். பலூனோ நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும்.

சாலையோரத்தில் குண்டு புதைப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அது படைவீரர்களின் உயிரைக் காத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குண்டு வைப்பவனைத் தேடும் கேமரா, துணி காயப்போடும் பெண்ணையும் பார்க்கத்தான் செய்யும். பெண்கள் முற்றத்துக்கு வரவே கூசுகிறார்கள் என்று ஆப்கானியர்கள் முறையிட்டார்கள். சிலர் கோபத்தில் பலூனைத் துப்பாக்கியால் சுட்டார்கள். எங்கள் வீட்டைப் படம் பிடித்தீர்களா, அந்தப் படம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பதில் வாங்க, அந்த மக்களுக்கு ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை.

அமெரிக்கர்களுக்கு இருந்தது. மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் ராணுவத் தளத்தில், 2014 டிசம்பரில் ‘ஜேலென்ஸ்’ திட்டத்தின் பலூன் மேலேறியது. 243 அடி நீளம். 10,000 அடி உயரத்தில் நிற்கும். திட்டத்தின் செலவு 270 கோடி டாலர். வாஷிங்டனை நோக்கி வரும் குரூஸ் ஏவுகணைகளை ரேடார் மூலம் முன்கூட்டியே அறிவதே நோக்கம் என்றது ராணுவம். அந்த ரேடாரால் சாலையில் போகும் வாகனங்களையும் பின்தொடர முடியும். போதாததற்கு, தயாரிப்பாளரான ரேதியான் நிறுவனம் அதே வகை பலூனில் சக்திவாய்ந்த கேமராவைப் பொருத்தி யூட்டா மாநிலத்தில் சோதித்தும் பார்த்திருந்தது. மேரிலாந்திலும் கேமரா வருமா என்ற கேள்விக்கு, இப்போதைக்குத் திட்டமில்லை என்ற பதில்தான் கிடைத்தது. ஒருபோதும் வராது என்று ராணுவம் சொல்லவில்லை. அந்தரங்க உரிமைக்கான எலக்ட்ரானிக் பிரைவசி இன்ஃபர்மேஷன் சென்டர் என்ற அமைப்பு, ஆவணங்களைக் கேட்டு 2014இல் வழக்குத் தொடர்ந்தது.

அந்த பலூனின் கதையை முடித்தது வழக்கு அல்ல, விபத்து. 2015 அக்டோபர் 28 அன்று வடம் அறுந்து, அது பென்சில்வேனியாவுக்குள் மிதந்து போனது. தொங்கிய வடம் மின்கம்பிகளில் உரசியதில் 20,000க்கும் மேற்பட்டோருக்கு மின்சாரம் போயிற்று. இரண்டு எஃப்-16 விமானங்கள் பின்தொடர்ந்தன. கடைசியில் மரங்களில் சிக்கியதைப் போலீஸார் சுட்டு, உள்ளிருந்த ஹீலியத்தை வெளியேற்றினார்கள். மேரிலாந்தில் அது மறுபடி ஏறவில்லை. அந்தரங்கம் பற்றிய கேள்வியும் பாதியில் நின்றுபோனது.

அபர்டீனுக்குப் பக்கத்திலேயே பால்டிமோர் நகரம். அங்கே வந்தது பலூன் அல்ல, சிறிய செஸ்னா விமானம். ஆனால் வேலை ஒன்றேதான். ஈராக் போருக்காக இத்தகைய கேமராவை உருவாக்கிய ராஸ் மெக்நட் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி, அதையே ஒரு தனியார் நிறுவனமாக்கியிருந்தார். 2016இல் நகர மன்றத்துக்குக்கூடச் சொல்லாமல் அந்த நிறுவனத்தின் விமானத்தைப் பால்டிமோர் போலீஸ் பயன்படுத்தியது. 2020இல் வெளிப்படையாகவே மீண்டும் பறந்தது. நொடிக்கொரு படத்தில் 32 சதுர மைல். ஒவ்வொரு மனிதரும் அதில் ஒரு புள்ளி; முகம் தெரியாது. முகம்தான் தெரியவில்லையே, பிறகென்ன என்பது போலீஸின் வாதம். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. காலையில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி மாலையில் அதே வீட்டுக்குத் திரும்பும் புள்ளி யார் என்று கண்டுபிடிக்க முகம் எதற்கு? எந்த மருத்துவமனைக்குப் போனார், எந்தக் கூட்டத்தில் நின்றார் என்பதும் 45 நாள் பதிவில் இருக்கும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986லும் 1989லும், விமானத்திலிருந்தோ ஹெலிகாப்டரிலிருந்தோ போலீஸார் ஒருவரின் கொல்லைப்புறத்தைப் பார்க்க வாரன்ட் தேவையில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. ஒருமுறை பறந்து எட்டிப் பார்ப்பதும், ஊர் முழுவதையும் நாள்தோறும் பதிவு செய்து பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதும் ஒன்றல்ல. 2021 ஜூன் 24 அன்று நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்று, பால்டிமோர் திட்டம் அரசியல் சட்டத்துக்கு மாறானது என்றது. எட்டு நீதிபதிகள் ஆதரவு, ஏழு பேர் எதிர்ப்பு. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் தீர்ப்பே தலைகீழ்.

ஆப்கானிஸ்தானில் பறந்த அதே வகை பலூன்களை அமெரிக்க எல்லைக் காவல் துறை ராணுவத்திடமிருந்து வாங்கி, டெக்சாஸில் ரியோ கிராண்டே ஆற்றோரம் ஏற்றியது. அவற்றின் கீழேயும் வீடுகளும் முற்றங்களும் உண்டு. பால்டிமோர் தீர்ப்பு மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலைனா, தென் கரோலைனா ஆகிய ஐந்து மாநிலங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். டெக்சாஸ் அதில் இல்லை.