கொள்ளைநோய்க் காலத்தில் பணியாளர் நலம்

2020 மார்ச் மாதத்தில், திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் மருத்துவர் ஒருவருக்குக் கொரோனா தொற்று இருப்பது தெரியவந்தது. அவருடன் பழகிய மருத்துவர்களும் ஏனைய ஊழியர்களும் பலர் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தது. நலமாயிருப்போரைப் பணியினின்று விலக்குவது ஏன்?

அப்போது பரவிய கிருமி உடலிற் புகுந்தபின் நோய்க்குறி தோன்ற 14 நாட்கள் வரை ஆகலாம் எனக் கண்டனர். குறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் முன்னரே அது பிறருக்குப் பரவக்கூடும். ஆதலின் தனித்திருத்தல் இன்றியமையாததாயிற்று.

ஆனால், தனித்திருப்பவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமன்றோ? ஊதியம் நின்றுவிடும் என அஞ்சுபவர் காய்ச்சலை மறைத்துப் பணிக்கு வருவர். ஒருவர் மறைப்பின் பலர் நோயுறுவர். ஊரடங்கின்போது ஊதியத்தைப் பிடித்தலாகாது என மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29-இல் ஆணையிட்டது. மே மாதத்தில் அவ்வாணை விலக்கப்பட்டது. முதலாளிகளும் தொழிலாளரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் ஜூன் 12-இல் கூறியது. எனவே, பொறுப்பின் பெரும்பகுதி பணியிடத்தையே சார்ந்தது.

ஊதியம் மட்டும் போதாது. தனித்திருப்பவரைத் தலைமை அலுவலர் நாள்தோறும் தொலைபேசியில் நலம் விசாரித்தல் வேண்டும். அவருடைய வேலையைப் பிறர் முறைவைத்துப் பகிர்ந்து கொள்ளலாம். நலம்பெற்றுத் திரும்பியவரை ஒதுக்குதல் தகாது. பள்ளிக்கும் களப்பணிக்கும் இவை ஒருங்கே பொருந்தும். நோயை மறையாது உரைப்பவர் உடன் பணிபுரிவோரைக் காக்கிறார். அவரைக் காப்பது பணியிடத்தின் கடமையாகும்.