ஹெய்ட்டியின் பந்து, பேராக்கின் பால்

ஹெய்ட்டி நாட்டுக் காற்பந்து ஆட்டக்காரர் சோனி நோர்டே கால் பதிக்காத கண்டம் குறைவு. அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கிளப்பில் இளம் வீரராகப் பயின்றார். மெக்சிகோ, வங்கதேசத்தின் ஷேக் ஜமால், கொல்கத்தாவின் மோகன் பகான், மும்பை சிட்டி, அஜர்பைஜான் என்று போய்க்கொண்டே இருந்தார். 2015 மே மாதம் பெங்களூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் அவர் அடித்த கார்னரிலிருந்து விழுந்த கோல்தான், 13 ஆண்டுகளுக்குப் பிறகு மோகன் பகானுக்கு இந்திய லீக் பட்டத்தைத் தந்தது. அதன் பிறகு மலேசியாவுக்கு வந்து மலாக்கா யுனைடெட், திரெங்கானு அணிகளுக்கு ஆடினார். பேராக் மாநில அணியும் ஆடிய சூப்பர் லீக்தான் அது.

இவ்வளவு தூரம் பயணப்பட்ட அவரைவிடப் பந்து இன்னும் நீண்ட வழி வந்திருக்கிறது. ரப்பர் பந்து துள்ளுவதை ஐரோப்பியர் முதன்முதலில் கண்டது நோர்டேயின் தீவில்தான். 1490களில் கொலம்பஸின் ஆட்கள் ஹிஸ்பானியோலா என்று பெயர் வைத்த அந்தத் தீவின் மேற்குப் பகுதி இன்று ஹெய்ட்டி, கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. அங்கே வாழ்ந்த தாயினோ மக்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, கையால் தொடாமல், தோளாலும் இடுப்பாலும் முழங்காலாலும் ஒரு கனத்த பந்தைத் தட்டி ஆடினார்கள். காற்றடைத்த தோல் பந்து ஸ்பானியருக்குத் தெரியும். உள்ளே காற்றே இல்லாத ஒரு கெட்டி உருண்டை அதைவிட உயரமாக எழும்பியதுதான் அவர்களைத் திகைக்க வைத்தது. அந்த ஆட்டத்தை ஆடிய மக்களைச் சில பத்தாண்டுகளுக்குள் அடிமை வேலையும் அம்மையும் ஏறக்குறைய அழித்துவிட்டன. இதை எழுதாமல் அந்தப் பந்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கெட்டி உருண்டை ஏன் துள்ளுகிறது? ரப்பர் பால் என்பது ஐசோபிரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள் மிதக்கும் நீர். அந்தச் சங்கிலி ஒவ்வொன்றும் சிக்குண்ட நூல்போலச் சுருண்டு கிடக்கிறது. சுருண்டு கிடக்க எண்ணிலடங்காத விதங்கள் உண்டு. நேராக நீண்டு நிற்கவோ மிகச் சில விதங்கள்தான். வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. இழுத்தோ அழுத்தியோ சங்கிலிகளை உருமாற்றினால், விட்ட கணத்தில் அந்தத் துடிப்பே அவற்றைப் பழைய சுருளுக்குத் திருப்பிவிடுகிறது. எஃகுச் சுருள்வில்லில் அணுக்களின் பிணைப்பு வளைந்து மீள்கிறது. ரப்பரில் மீட்டுத் தருவது ஒழுங்கின்மை. பொருள் ஒன்று குழப்பத்தை நாடுவதாலேயே விசை பிறக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். அகலமான ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே சற்றுப் பொறுத்து, தளர்த்தி மீண்டும் உதட்டில் வையுங்கள், குளிரும். சிறு வயதிலேயே அம்மையால் பார்வை இழந்த ஜான் கோ என்ற ஆங்கிலேயர் இப்படித்தான் உதட்டால் உணர்ந்து 1805இல் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து இயற்பியலாளர் ஜூல் அதை அளந்து உறுதிப்படுத்தினார். எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கும். உலோகம் செய்வதற்கு நேர்மாறு.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். மெக்சிகோ பகுதியின் பழங்குடிகள் சர்க்கரைவள்ளிக்கு உறவான ஒரு கொடியின் சாற்றைப் பாலில் கலந்து அதற்கு உறுதியேற்றினார்கள். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிச் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டார். பிறகுதான் காற்றை அடக்கி வைக்கும் ரப்பர் பை சாத்தியமாயிற்று. பன்றியின் சிறுநீர்ப்பை பந்தைவிட்டு வெளியேறியது. இன்றைய காற்பந்தின் துள்ளலில் பெரும்பங்கு உள்ளே அடைபட்ட காற்றுடையது, பையும் பல பந்துகளில் செயற்கை ரப்பர்தான். ஃபிஃபாவின் உயர்தரச் சோதனையில் 2 மீட்டர் உயரத்திலிருந்து விடும் பந்து 135 முதல் 155 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும்.

உலகம் ரப்பர் கேட்டபோது அதைக் கொடுத்த ஊர்களில் பேராக் முக்கியமானது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தன. 1896இல் தான் சே யான் என்பவர் மலாக்காவில் முதல் வணிகத் தோட்டத்தை உண்டாக்கினார். பிறகு நிலமெங்கும் பால்மரக் காடு, அதற்குள் லயங்கள், லயங்களில் தமிழர்.

இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய், நிரைக்குள் நுழைந்து உளியை வைத்தவர்களுக்கு, ஏன் இருட்டிலேயே போக வேண்டும் என்ற காரணத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மரப்பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் விடியற்காலையில் அழுத்தம் பத்து வளிமண்டல அளவைத் தொடும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க இழக்க அது குறையும். பால் பிடிக்கும் மங்கில் சொட்டுவதும் குறையும். பட்டைக்குள் இருக்கும் வளர்படலத்தைத் தொடாமல், அதற்கு மில்லிமீட்டர் முன்னால் உளியை நிறுத்துவது கைத்திறன். தொட்டால் மரம் புண்ணாகும். எங்கள் முன்னோரை வெறும் கூலிகள் என்று எழுதிய கணக்குப் புத்தகங்களில் இந்தத் திறமைக்குப் பத்தி இல்லை.

மங்கிலும் வெட்டுக்கோட்டிலும் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்வது ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளின் கலை. காற்றில்லாத கெட்டிப் பந்து அது. தாயினோ பிள்ளைகள் கையில் எடுத்தால் தங்களுடையது என்றே நினைத்திருப்பார்கள்.

தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. ஆனால் 1877இன் அந்த முதல் நடவில் மிஞ்சியதாகப் போற்றப்படும் ஒரு ரப்பர் மரம், ஈப்போவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. பேராக் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். ஆளுக்கொரு ரப்பர் வளையம் கொடுங்கள். அவர்களுடைய பாட்டிமார் என்ன தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள் என்பதை அந்த மரத்தடியிலேயே சொல்லுங்கள்.