தாலி கட்டிய பிறகு சம்மதமா?

பந்தல் போட்டு, மேளம் கொட்டி, தாலியையும் கட்டிவிட்டு, மணப்பெண்ணிடம் "உனக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டால், அது சம்மதம் கேட்பதாகுமா?

இங்கிலாந்து அரசு தன் மக்களிடம் அப்படித்தான் கேட்டது. புதிய அணுமின் நிலையம் கட்ட முடிவெடுக்கும் முன்பு மக்கள் கருத்தை முழு அளவில் கேட்போம் என்று 2003-இல் வெள்ளை அறிக்கையில் வாக்களித்தது. 2006 சனவரியில் அறிக்கையொன்றை வெளியிட்டு, கருத்துச் சொல்லுங்கள் என்றது. செலவு எவ்வளவு? நச்சுக் கழிவை என்ன செய்வது? மக்கள் எடைபோட்டுப் பார்க்கப் போதிய விவரம் அதில் இல்லை! ஆனால் சூலையில், அணு உலைகள் வேண்டும் என்று அரசு அறிவித்துவிட்டது.

கிரீன்பீஸ் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2007 பிப்ரவரி 15 அன்று நீதிபதி சல்லிவன் தீர்ப்பளித்தார்: கருத்துக்கேட்பு பெருங்குறையுடையது, கழிவு பற்றித் தந்த விவரம் திசைதிருப்புவது, நடந்தது சட்டப்படி செல்லாது.

அந்நாட்டு நீதிமன்றங்கள் இதற்கு நான்கு அளவுகோல்களை வைத்திருக்கின்றன. லண்டன் பிரென்ட் பகுதிப் பள்ளிகள் பற்றிய 1985-ஆம் ஆண்டு வழக்கில் பிறந்தவை அவை. முடிவு உருவாகும்போதே கேட்க வேண்டும். காரணங்களைப் புரியும்படி சொல்ல வேண்டும். பதில் சொல்லப் போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதிலை மனச்சான்றோடு சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

அணு உலைகளை நீதிமன்றம் தடுத்துவிட்டதா? இல்லை. தீர்ப்பால் கொள்கை மாறாது என்றார் பிரதமர் பிளேர். 2007-இல் மறுபடியும் கருத்துக் கேட்டார்கள். 2008 சனவரியில் அதே முடிவை அறிவித்தார்கள்.

அப்படியானால் தீர்ப்பு வீணா? வீணில்லை என்கிறோம் நாம். திட்டம் நல்லதா, கெட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. முடிவெடுத்த முறை நேர்மையானதா என்றே பார்க்கிறது. அந்தத் தீர்ப்பால்தான் அரசு மறுபடியும் மக்கள் முன் வந்து, விவரங்களை விரித்து வைக்க நேர்ந்தது. மூடிய கதவைத் தட்டித் திறக்க நீதிமன்றம் உதவும். உள்ளே சென்று வாதாடி வெல்வது மக்களின் வேலை.

ஆகவே தோழர்களே, கருத்துக்கேட்பு என்று யார் வந்தாலும் அந்த நான்கு அளவுகோல்களாலும் அளந்து பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றே எழுத்தில் கேளுங்கள்; நகலைப் பத்திரப்படுத்துங்கள். திரண்டு வந்து கேளுங்கள். மக்களைக் கேட்பது அரசு போடும் பிச்சையல்ல, அதன் கடமை!