வாக்குச்சாவடியும் படைக்கலமும்: 134-பி பிரிவின் ‘அருகாமை’ – கடலூர், சிதம்பரம் பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியின் அருகாமையில் படைக்கலத்துடன் செல்வதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 134-பி பிரிவு தடை செய்கிறது. ‘அருகாமை’ எத்தனை மீட்டர் என்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. இத்தடையின் நோக்கம், எல்லை, விலக்கு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கடலூர், சிதம்பரம் பகுதிகளின் பட்டறிவைக் கொண்டு, வாக்காளரின் அச்சத்தை நீக்க இப்பிரிவு மட்டும் போதுமா என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வாக்குச்சாவடி, படைக்கலச் சட்டம், 134-பி பிரிவு, அருகாமை, தேவனாம்பட்டினம், பொன்பரப்பி.

முன்னுரை

துப்பாக்கியின் வீச்சு ஆட்சியின் எல்லையை வரையறுத்த நிகழ்வு ஒன்று தேவனாம்பட்டினத்தின் வரலாற்றில் உண்டு. 1690ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இவ்வூர்க் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுக்கு உட்பட்ட நிலமும் கம்பெனிக்கே உரியது என்பது உடன்பாடு. அவ்வெல்லைக்குள் அமைந்த ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன. கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடியின் பெயரையும் இந்நிகழ்வோடு தொடர்புபடுத்திக் கூறுவர். அக்கோட்டையே பின்னர்ப் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. எவ்வூர் எவர் ஆட்சிக்கு உட்படும் என்பதை அவ்வூர் மக்கள் அன்று முடிவு செய்யவில்லை. குண்டு முடிவு செய்தது.

இன்று அதே மண்ணில் ஆட்சியை முடிவு செய்வது வாக்கு. வாக்களிக்கும் இடத்திலிருந்து துப்பாக்கி விலகி நிற்கவேண்டும் என்பது சட்டம். எவ்வளவு தொலைவு விலகி நிற்கவேண்டும் என்ற வினாவிலிருந்து இவ்வாய்வு தொடங்குகிறது.

சட்டத்தின் வாசகம்

134-பி பிரிவு 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்டது. இதன் கூறுகள் நான்கு. முதலாவது, வாக்குப்பதிவு நாளில் படைக்கலச் சட்டம், 1959இல் வரையறுக்கப்பட்ட எவ்வகைப் படைக்கலத்துடனும் வாக்குச்சாவடியின் அருகாமையில் எவரும் செல்லக்கூடாது. இரண்டாவது, மீறினால் ஈராண்டு வரை சிறைத் தண்டனையோ, தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்றாவது, குற்றம் உறுதியானால் அப்படைக்கலம் பறிமுதலுக்கு உரியதாகும். அதற்கான உரிமமும் நீக்கப்பட்டதாகக் கருதப்படும். நான்காவது, இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம்.

உரிமம் பெற்ற துப்பாக்கிக்கும் பெறாத துப்பாக்கிக்கும் இப்பிரிவு வேறுபாடு காட்டவில்லை என்பது கருதத்தக்கது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது எந்நாளிலும் குற்றமே. எனவே இப்பிரிவு புதிதாகக் கட்டுப்படுத்துவது, பிற நாள்களில் சட்டப்படி துப்பாக்கி ஏந்தும் உரிமை உடையவரையே ஆகும். தற்காப்புக்காக உரிமம் பெற்றவர் வாக்களிக்க வரும்போது தம் பாதுகாப்பை இழக்கவேண்டுமா என்று கேட்கலாம். சாவடியில் அமைதி காக்கும் பொறுப்பைப் பணியிலுள்ள காவலரிடம் ஒப்படைப்பதே சட்டம் தரும் விடை. ஒருவரின் தற்காப்புக் கருவி வரிசையில் நிற்கும் மற்றொருவருக்கு அச்சுறுத்தலாகத் தோன்றக்கூடும் என்பதே இதன் அடிப்படை.

துப்பாக்கி ஏந்துதல் அரசியலமைப்பு உரிமையாக விளங்கும் அமெரிக்காவிலும் இக்கருத்து ஏற்கப்பட்டுள்ளது. பொது இடங்களில் துப்பாக்கி ஏந்தும் உரிமையை விரிவாக்கிய 2022ஆம் ஆண்டின் புரூயென் தீர்ப்பிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டமன்றம், நீதிமன்றம் ஆகியவற்றோடு வாக்குச்சாவடியையும் தடை பொருந்தும் இடமாகக் குறிப்பிட்டது. இந்தியாவில் படைக்கலம் வைத்திருத்தல் அடிப்படை உரிமை அன்று, உரிமத்தின்வழிக் கிடைப்பது. ஆகவே தடையின் நியாயம் இங்கு மேலும் வலுப்பெறுகிறது.

சொல்லப்படாத தொலைவு

இச்சட்டத்தின் 130ஆம் பிரிவு, வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிப்பதைத் தடுக்கிறது. அதற்கான தண்டம் 250 ரூபாய் வரை மட்டுமே. சிறைத் தண்டனைக்குரிய 134-பி பிரிவோ தொலைவைக் கூறாமல் ‘அருகாமை’ என்று நிறுத்திக்கொள்கிறது. சிறிய குற்றத்திற்கு அளந்த எல்லையும் பெரிய குற்றத்திற்கு அளவா எல்லையும் அமைந்துள்ளன.

பழைய சட்டங்கள் சில தொலைவை வெளிப்படையாகக் கூறின. தேர்தல் நடைபெறும் இடத்திலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால் படையினரை அகற்றவேண்டும் என 1735ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் விதித்தது. 1776ஆம் ஆண்டின் டெலவேர் அரசியலமைப்பு, எவரும் ஆயுதத்துடன் தேர்தலுக்கு வரக்கூடாது என்றதோடு, படைப்பிரிவுகள் ஒரு மைலுக்குள் தங்குவதையும் தடுத்தது.

குற்றவியல் சட்டம் தெளிவாக இருக்கவேண்டும் என்ற நெறிப்படி நோக்கினால், ‘அருகாமை’ என்ற சொல் குறையுடையதே. எங்கு நின்றால் குற்றம் என்பதைக் குடிமகன் முன்கூட்டி அறிதல் வேண்டும். ஆயினும் மீட்டர்க் கணக்கு மட்டும் வரையறையாக அமைந்தால், 101ஆவது மீட்டரில் துப்பாக்கியுடன் நிற்பவர் தப்பிவிடுவார். மீனவக் குப்பங்களில் ஒரே தெரு சாவடிக்கு வழியாக அமைவதுண்டு. பரந்த வயல்வெளியில் நெடுந்தொலைவிலிருந்தே ஆயுதம் கண்ணுக்குப் படும். இடத்திற்கேற்பப் பொருள் கொள்ள இடமளிப்பது இச்சொல்லின் வலிமை எனலாம். சாவடிக்குச் செல்லும் வாக்காளரின் பார்வைக்கும் பாதைக்கும் உட்பட்ட பரப்பே அருகாமை என்று கொள்வது பிரிவின் நோக்கத்தோடு பொருந்தும்.

எது படைக்கலம்?

படைக்கலச் சட்டம் துப்பாக்கியை மட்டும் குறிப்பதன்று. தாக்கவோ காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட பொருள்களையும், கூர்முனை கொண்ட கொடிய ஆயுதங்களையும் உள்ளடக்குகிறது. ஆனால் வீட்டுப் பயன்பாட்டிற்கோ வேளாண்மைக்கோ மட்டும் உருவாக்கப்பட்ட பொருள்கள் விலக்குப் பெறுகின்றன. தடியும் கைத்தடியும் எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டுள்ளன. இவ்விலக்கில் மீன்பிடித் தொழில் பெயர்சுட்டிக் கூறப்படவில்லை. ஆதலால் தேவனாம்பட்டினம் போன்ற ஊரில் வலை அறுக்கும் கத்தியுடன் கரையிலிருந்து நேரே சாவடிக்கு வருபவரின் நிலை, அக்கத்தி ஆயுதமாக வடிவமைக்கப்பட்டதா, மாற்றியமைக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே அமையும். தொழிற்கருவியை ஆயுதமாகக் கருதி உழைப்பவரை அலைக்கழிப்பது இப்பிரிவின் நோக்கமாக இருக்க இயலாது.

விலக்குப் பெறுவோர்

தேர்தல் நடத்தும் அலுவலர், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், காவலர், அமைதி காக்க அமர்த்தப்பட்டவர் ஆகியோர்க்கு விலக்கு உண்டு. இவ்விலக்கு பதவிக்கு உரியதன்று. அச்சாவடியில் பணியில் இருப்பதற்கே உரியது. பணியில் இல்லாத காவலர் தம் வாக்கைச் செலுத்தத் துப்பாக்கியுடன் வந்தால் விலக்குக் கோர இயலாது. வேட்பாளரின் தனி மெய்க்காவலருக்கும் இதுவே பொருந்தும்.

பணியிலுள்ள காவலரும் சாவடிக்குள் இயல்பாக நுழைவதில்லை. உள்ளே அனுமதிக்கத்தக்கோரைத் தேர்தல் நடத்து விதிகள், 1961 வரையறுக்கிறது. அதிலுள்ள ‘தேர்தல் பணியிலுள்ள பொதுப் பணியாளர்’ என்ற தொடரில் காவலர் பொதுவாக அடங்கார் என்றும், தலைமை அலுவலர் அழைத்தாலன்றி அவர்கள் உள்ளே வரலாகாது என்றும் தேர்தல் ஆணையத்தின் கையேடு விளக்குகிறது. அரசின் துப்பாக்கிக்கும் வாசலே எல்லை.

படைக்கலம் ஒப்படைத்தல்

134-பி பிரிவு வாக்குப்பதிவு நாளுக்கு மட்டும் உரியது. முந்தைய நாள்களுக்கான ஏற்பாடு தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்களில் உள்ளது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் மாவட்ட அளவிலான குழு உரிமதாரர்களின் பின்னணியை ஆராய்கிறது. பிணையில் உள்ளோர், குற்றப் பின்னணி உடையோர், முன்பு கலவரங்களில் ஈடுபட்டோர் ஆகியோர் தம் படைக்கலங்களை ஒப்படைக்கவேண்டும். முடிவு அறிவிக்கப்பட்டு ஒரு வாரத்திற்குப் பின் அவை திருப்பித் தரப்படும். எல்லா உரிமதாரர்களையும் பொது ஆணை ஒன்றால் கட்டாயப்படுத்த இயலாது, தனித்தனிக் காரணம் வேண்டும் என அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024இல் தெளிவுபடுத்தியது. தடை முழுமையாக அமைவது சாவடியின் அருகாமையில். பிற இடங்களில் அது ஆய்வுக்கு உட்பட்டது.

சிதம்பரம் தொகுதியின் பட்டறிவு

இவ்வளவு ஏற்பாடுகளும் கருவியை மையமாகக் கொண்டவை. ஆனால் இப்பகுதியில் வாக்குரிமைக்கு நேர்ந்த இடர் பெரும்பாலும் உரிமம் பெற்ற துப்பாக்கியால் வந்ததன்று. 1999 மக்களவைத் தேர்தலின்போது சிதம்பரம் தனித்தொகுதியின் ஊர்கள் சிலவற்றில் தலித் மக்கள் வாக்களிப்பதைத் தடுக்கும் வன்முறைகள் நிகழ்ந்தன. 2019 ஏப்ரல் 18ஆம் நாள், வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே, அத்தொகுதிக்கு உட்பட்ட அரியலூர் மாவட்டப் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டு வீடுகள் சேதமாயின. மறுவாக்குப்பதிவு வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. அத்தேர்தலில் தொகுதியின் வெற்றி வேறுபாடு 3,219 வாக்குகள் மட்டுமே. சில தெருக்களின் மக்கள் அஞ்சி வீட்டிலேயே தங்கிவிட்டால் தேர்தலின் முடிவு மாறக்கூடும் என்பதை இவ்வெண் உணர்த்துகிறது.

கல்லும் தடியும் கொண்டு குடியிருப்பில் நிகழும் தாக்குதலை 134-பி பிரிவு எட்டாது. தடி வரையறைக்குப் புறம்பானது. குடியிருப்பு அருகாமைக்குப் புறம்பானது. இவ்விடத்தில் 135-ஏ பிரிவே துணையாகிறது. சாவடியைக் கைப்பற்றுதல் என்ற குற்றத்தில், வாக்காளரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அச்சுறுத்தி அவர் சாவடிக்குச் செல்வதைத் தடுத்தலையும் அப்பிரிவு அடக்குகிறது. இதற்கு ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரை நீளும் சிறைத் தண்டனையும் தண்டமும் உண்டு. கருவி எதுவாயினும், இடம் எங்காயினும், அச்சுறுத்தலும் தடுத்தலும் மெய்ப்பிக்கப்பட்டால் போதும்.

முடிவுரை

வாக்குச்சாவடியில் படைக்கலத்தை அனுமதிக்கலாகாது என்பதில் இந்தியச் சட்டம் உறுதியாக உள்ளது, அந்நிலைப்பாடு நியாயமானதும்கூட. உரிமம் பெற்றவரின் வசதியைவிட, வரிசையில் நிற்கும் வறியவரின் அச்சமின்மையே தேர்தலுக்கு இன்றியமையாதது. ‘அருகாமை’ என்ற சொல்லுக்குக் குறைந்த அளவு தொலைவு ஒன்றை விதித்து, அதற்கப்பாலும் சூழலுக்கேற்பப் பொருள் கொள்ள இடமளித்தால் தெளிவும் நோக்கமும் ஒருங்கே காக்கப்படும்.

எனினும் 134-பி பிரிவைத் தனித்துப் படித்தல் போதாது. அது ஆயுதத்தையும் இடத்தையும் நோக்குகிறது. 135-ஏ பிரிவு அச்சத்தையும் வழியையும் நோக்குகிறது. இரண்டையும் இணைத்துச் செயற்படுத்தினாலன்றிச் சாவடி வாசலில் அமைதியும் குடியிருப்பில் அச்சமும் ஒரே நாளில் நிலவுவதைத் தவிர்க்க இயலாது. குண்டு சென்று விழுந்த தொலைவை அன்று அளந்தார்கள். இன்று அளக்கவேண்டியது, வாக்காளர் தம் வீட்டு வாசலிலிருந்து அச்சமின்றி நடந்துவரும் தொலைவையே.